டெங்குவுக்குப் பின் கொட்டிய முடியை எண்ணெய் நிறுத்தியதா?

8 ஜூன் 2025, காலை. ஒரு வாசகரின் பதிவு

சென்ற நவம்பரில் எனக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்தேன். பிப்ரவரியில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. தலையணை, குளியலறை, சாப்பாட்டுத் தட்டு என்று எங்கும் முடிதான். மார்ச் நடுவில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்க்கத் தொடங்கினேன். மே மாதத்தில் உதிர்வு நின்றுவிட்டது. இப்போது நெற்றியோரத்தில் புது முடி முளைத்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? எண்ணெயால் பயனில்லை என்று எழுதுகிறவர்கள் என் தலையைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

8 ஜூன் 2025, இரவு. என் பதில்

நீங்கள் சொல்வது ஒவ்வொன்றையும் நம்புகிறேன். உதிர்ந்ததும் உண்மை, நின்றதும் உண்மை, புது முடி வந்திருப்பதும் உண்மை. ஆனால் நீங்கள் குறித்திருக்கும் மாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எண்ணெயே தேய்க்காத ஒருவருக்கும் இவையெல்லாம் இதே மாதங்களில்தான் நடந்திருக்கும்.

தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் மற்றவற்றுக்காகக் காத்திராமல் தனக்கென்று ஒரு சுழற்சியில் இயங்குகிறது: 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீளும் வளர்பருவம், இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும் சுருங்குபருவம், பிறகு மூன்று மாதத்தை ஒட்டிய ஓய்வுப்பருவம். ஓய்வு முடியும்போதுதான் பழைய முடி விழுகிறது. சாதாரண காலத்தில் நூற்றில் பத்து மயிர்க்கால்கள் ஓய்வில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 10,000 முடிகளும் ஏறக்குறைய 100 நாட்களுக்குள் விழுந்தாக வேண்டும். நாளொன்றுக்கு 100 முடி உதிர்வது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. கடும் காய்ச்சல் வந்த வாரத்தில், இன்னும் பல மாதங்கள் வளர்ந்திருக்க வேண்டிய மயிர்க்கால்களில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் வளர்ச்சியைக் கைவிட்டு ஓய்வுக்குப் போய்விடுகிறது. அப்போது ஒரு முடிகூட அதிகமாக விழாது. நவம்பரில் ஓய்வுக்குப் போனவை பிப்ரவரியில் விழுகின்றன. அந்தக் கூட்டம் விழுந்து தீர்ந்ததும் உதிர்வு தானே நிற்கிறது. உங்கள் எண்ணெய்ப் புட்டி வீட்டுக்கு வந்த மார்ச் மாதம், உதிர்வு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் மாதம்.

9 ஜூன் 2025

இதற்கு மருத்துவத்தில் டீலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர். 1961இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதைத் தெளிவாக வரையறுத்தார். டெங்கு, சிக்குன்குன்யா, டைபாய்டு, கொரோனா, பெரிய அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து விரைவாக எடையைக் குறைத்தல் என்று எது தொடக்கமாக இருந்தாலும், இரண்டு மூன்று மாத இடைவெளிக்குப் பிறகே முடி கொட்டும்.

நான் கும்பகோணத்தில் மருந்துக் கடை நடத்துகிறேன். உதிர்ந்த முடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, அதன் நுனியில் இருக்கும் சின்ன வெள்ளைக் குமிழைக் காட்டி, 'வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது' என்று கண் கலங்கும் பெண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்தக் குமிழ் வேர் அன்று. ஓய்வுப்பருவம் முடிந்து இயல்பாக விழும் முடியின் அடிப்பகுதி அப்படித்தான் இருக்கும். முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும் தண்டணுக்கள் மயிர்க்காலின் நடுப்பகுதியில் உள்ள ஒரு புடைப்பில் தங்கியிருக்கின்றன என்பதை 1990இல் ஜார்ஜ் கொட்சரெலிஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். முடி விழுவதால் அந்தப் புடைப்புக்கு ஒன்றும் ஆவதில்லை.

12 ஜூன் 2025

'என் குழந்தைக்கு நான்கு மாதம் ஆகிறது, தலையே காலியாகிவிடும்போல் இருக்கிறது, தாய்ப்பால் கொடுப்பதால்தானா அக்கா' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தாய்ப்பால் காரணமில்லையம்மா. பாலை நிறுத்திவிடாதீர்கள். கருவுற்றிருக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண்மை ஹார்மோன் மிகுந்திருப்பதால் வழக்கமாக ஓய்வுக்குப் போக வேண்டிய மயிர்க்கால்கள் வளர்பருவத்திலேயே நீடிக்கின்றன. அதனால்தான் பல பெண்களுக்கு அந்தக் காலத்தில் பின்னல் கனத்துத் தெரிகிறது. பிரசவத்துக்குப் பின் அந்த அளவு சட்டென்று இறங்கும்போது, அதுவரை தள்ளிப்போனவை எல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் விழத் தொடங்குகின்றன.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்வார்கள். சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பில்லை. ஆனால் குழந்தை முகம் பார்க்கும் வயதும் தாயின் ஓய்வுப்பருவம் முடியும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. எந்த நூலும் படிக்காமல், தலைமுறை தலைமுறையாகப் பிரசவங்களைப் பார்த்தே அந்த இடைவெளியைக் குறித்துவைத்த அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

உதிர்வு பொதுவாக ஆறு மாதத்தில் அடங்கிவிடும். ஆனால் முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவே வளரும். இன்று முளைக்கும் முடி உங்கள் தோளைத் தொட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உதிர்வு நின்ற பிறகும் பின்னலின் நுனி நெடுநாள் மெலிந்தே தெரியும். அது நோய் தொடர்வதன் அறிகுறி அன்று.

15 ஜூன் 2025

'உங்கள் கணக்குப்படி எல்லாம் தானே திரும்பி வரும் என்றால், என் உச்சந்தலையில் பத்து ஆண்டுகளாக ஏன் வரவில்லை?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முதல் குறிப்பில் எழுதியது காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடிக்கு மட்டுமே பொருந்தும். முன்நெற்றி ஏறுவதும் உச்சந்தலை வெறுமையாவதும் வேறு வகை.

அங்கே மயிர்க்கால்கள் ஒரு பருவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் சிறுத்துப்போகின்றன. வளர்பருவம் ஆண்டுகளிலிருந்து மாதங்களாகக் குறைகிறது, முடி மெலிகிறது, நிறம் வெளிறுகிறது, கடைசியில் பூனைமயிர் மட்டும் மிஞ்சுகிறது. மயிர்க்கால் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது, ஆனால் பயனுள்ள முடியைத் தருவதில்லை. இதைச் செய்வது டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது எல்லா ஆண்களிடமும் இருக்கிறது. அதற்கு எளிதில் வசப்படும் மயிர்க்கால்களைப் பரம்பரையாகப் பெற்றவர்களுக்குத்தான் வழுக்கை விழுகிறது.

விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பது ஹிப்பாக்கிரட்டீஸ் காலத்திலேயே குறிக்கப்பட்ட செய்தி. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் அதை ஆய்வாக்கினார். பருவமடையும் முன்பே விதை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதைப் பார்த்தார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி குறையத் தொடங்கியதையும் கண்டார். ஹார்மோன், பரம்பரை இரண்டும் சேர்ந்தால்தான் வழுக்கை என்பது அன்றே விளங்கிவிட்டது.

15 ஜூன் 2025, இரவு

பரம்பரை என்றதும் 'தாய்மாமன் தலையைப் பார்' என்ற வழக்கத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆண்மை ஹார்மோனை ஏற்கும் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது ஆணுக்குத் தாயிடமிருந்தே வருகிறது. ஆனால் அது ஒன்றே முடிவு செய்வதில்லை. 2017இல் பிரிட்டனில் 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்தபோது, வழுக்கையோடு தொடர்புடைய 280க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை தந்தையிடமிருந்தும் வரக்கூடியவை.

22 ஜூன் 2025

ஆண்களின் வழுக்கைக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு, அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் பயனும் எச்சரிக்கையும் ஒரே இடத்தில் பிறந்தவை. டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற ஊரில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்களைப் போலத் தோற்றமளித்து, பருவ வயதில் ஆண்களாக மாறிவந்தார்கள். ஜூலியேன் இம்பெராட்டோ மெக்கின்லியும் அவருடைய குழுவினரும் அவர்களை ஆராய்ந்து 1974இல் காரணத்தை வெளியிட்டார்கள்: டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களுடைய புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, முன்நெற்றியும் ஏறவில்லை.

அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்ற எண்ணத்தில் உருவானதுதான் ஃபினாஸ்டரைடு. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997இல் ஆண்களின் வழுக்கைக்காக 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரத்தத்தில் அந்த ஹார்மோனை ஏறக்குறைய 70 விழுக்காடு குறைக்கிறது. கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு உருவாக அந்த ஹார்மோன் தேவை என்பதை சலினாஸ் குழந்தைகளே காட்டிவிட்டார்கள். ஆகவே கருவுற்ற பெண்களும் கருவுறக்கூடிய பெண்களும் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது, உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது. கணவருக்காக மாத்திரை வாங்க வரும் பெண்களிடம் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

24 ஜூன் 2025

பக்க விளைவுகளை மறைக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறைக்க எனக்குத் தேவையில்லை. முதல் ஆய்வுகளில் ஓராண்டுக் காலத்தில் பாலியல் குறைபாடு ஏதேனும் ஒன்றைச் சொன்னவர்கள் மருந்து சாப்பிட்டோரில் 3.8 விழுக்காடு, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டோரில் 2.1 விழுக்காடு. பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியாகியிருக்கிறது. நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பொய் சொல்பவர்களாக நான் நினைக்கவில்லை. தற்கொலை எண்ணம் இந்த மாத்திரையின் பக்க விளைவுகளில் ஒன்று என்பதைச் சென்ற மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்திருக்கிறது. மனச்சோர்வு இருந்தவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்து தொடங்கிய பின் மனநிலை சரிந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ பரிசோதனையின் அளவையும் இந்த மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், நடுவயதுக்காரர்கள் பரிசோதனைக்குப் போகும்போது மருந்தைக் குறிப்பிட்டாக வேண்டும்.

இத்தனையும் இருக்கும்போது, மருந்துச் சீட்டு இல்லாமல், நண்பன் சாப்பிடுகிறான் என்று கேட்டு வரும் கல்லூரி மாணவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போகிறார்கள். அப்போதும் கொடுப்பதில்லை.

6 ஜூலை 2025

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் என் சொந்த விஷயமும்கூட. எனக்கு நாற்பதை நெருங்கும்போது வகிடு அகலத் தொடங்கியது. பெண்களுக்கு வரும் பரம்பரை உதிர்வு ஆண்களைப்போல் முன்நெற்றியை ஏற்றாது. நெற்றியோர முடி அப்படியே நிற்க, வகிட்டின் இருபுறமும் மெலிந்துகொண்டே போகும். 1977இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். தோல் மருத்துவர் தைராய்டு, இரும்புச் சத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மினாக்சிடில் எழுதிக்கொடுத்தார்.

இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி அடர்ந்து வளர்ந்ததைக் கண்டு, தலையில் தடவும் திரவமாக்கினார்கள்; 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஹார்மோனை அது தொடுவதில்லை. ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்களைச் சீக்கிரம் வளர்பருவத்துக்குக் கொண்டுவருகிறது, வளர்பருவத்தை நீட்டுகிறது. மயிர்க்காலில் உள்ள ஒரு நொதி அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அந்த நொதி குறைந்தவர்களுக்கு மருந்து பலன் தருவதில்லை. ஒரே மருந்து தங்கைக்குக் கேட்டு அக்காவுக்குக் கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

தடவத் தொடங்கிய சில வாரங்களில் எனக்கு முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. ஓய்வில் இருந்த மயிர்க்கால்கள் புது முடியைத் தள்ளத் தொடங்கும்போது பழையது விழும் என்பதைப் பலருக்கு நானே விளக்கியிருக்கிறேன்; இருந்தும் குளியலறைத் தரையைப் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் மட்டுமே நிறுத்தாமல் இருந்தேன். ஐந்தாறு மாதம் கழித்து வகிட்டோரத்தில் குட்டையான முடிகள் நின்றன. ஓராண்டில், முன்பு இருந்த அடர்த்தி முழுவதும் வரவில்லை என்றாலும், வகிடு மேலும் அகலவில்லை, சற்று ஒடுங்கியது. என் மனத்துக்கு அது போதும்.

என் கடையில் மினாக்சிடில் வாங்குகிறவர்களில் பலர் இரண்டாவது புட்டிக்கு வருவதில்லை. பலன் தெரியும் மாதத்துக்கு முன்பாக, அதுவும் உதிர்வு கூடும் வாரங்களில், அவர்கள் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பின் எதைத் தேய்த்தாலும் நல்ல பெயர் கிடைக்கிறது. உண்மையாகவே செயல்படும் மருந்துக்கோ தொடக்கத்தில் கெட்ட பெயர்தான் கிடைக்கிறது. இரண்டுக்கும் காரணம் அந்த மூன்று மாத இடைவெளியே. இந்த இழையில் நான் திரும்பத் திரும்ப அதையே எழுதுவது இதனால்தான்.

7 ஜூலை 2025

எண்ணெய் தேய்த்த தலையில் மினாக்சிடில் தடவலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. சுத்தமான, உலர்ந்த தோலில் தடவி, குறைந்தது நான்கு மணி நேரம் நனைக்காமல் விட வேண்டும். முடியில் அன்று, தோலில். நிறுத்தினால் கிடைத்த பலன் சில மாதங்களில் போய்விடும் என்பதைத் தொடங்கும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். குறைந்த அளவில் வாய்வழி மாத்திரையாகவும் மருத்துவர்கள் இப்போது தருகிறார்கள். கால் வீக்கமும் படபடப்பும் வரக்கூடும் என்பதால் அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே.

20 ஜூலை 2025

எண்ணெயை நான் வெறுப்பதாக எண்ண வேண்டாம். என் தலைக்கும் வாரம் ஒரு நாள் தேங்காய் எண்ணெய் உண்டு. 2003இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்று காட்டினார்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் முடித் தண்டுக்குள் நுழையக்கூடியது. ஆனால் அது தோலுக்கு வெளியே உள்ள, ஏற்கெனவே வளர்ந்து முடிந்த தண்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. தண்டு உடைவது குறைந்தால் முடி நீளமாக நிற்கும், அடர்த்தியாகவும் தெரியும். மயிர்க்காலின் பருவத்தை அது மாற்றுவதில்லை.

போர்த் தண்ணீரில் குளித்து முடி போய்விட்டது என்ற முறையீட்டுக்கும் இதே பதில். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், சீவும்போது உடைக்கும். வேரிலிருந்து உதிரவைப்பதில்லை. உதிர்ந்ததா, உடைந்ததா என்பதை அறிய, விழுந்த முடியின் நுனியில் வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உதிர்ந்தது, இல்லையென்றால் பெரும்பாலும் உடைந்தது.

நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளில் அட்டவணை 'ஜே' என்று ஒன்று இருக்கிறது. குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் பட்டியல் அது. வழுக்கையும் புது முடி வளர்ச்சியும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. அட்டவணை அப்படியிருக்க, முப்பது நாளில் முடி என்ற விளம்பரங்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணம் பெரும்பாலும் காய்ச்சலிலிருந்து எழுந்த, பிள்ளை பெற்ற, ஏற்கெனவே சோர்ந்திருக்கிற மனிதர்களிடமிருந்து பறிக்கப்படுகிறது.

3 ஆகஸ்ட் 2025

பயோட்டின் மாத்திரை. என் கடையில் முடிக்காக மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். பயோட்டின் குறைபாடு உள்ளவர்களுக்கு முடி கொட்டும், கொடுத்தால் வளரும். ஆனால் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குறைபாடு அரிது. தீங்கில்லாத வைட்டமின் என்றும் விட்டுவிட முடியாது. அதிக அளவில் சாப்பிடும்போது சில இரத்தப் பரிசோதனைகளை அது குழப்புகிறது: தைராய்டு அளவுகள் தவறாக வரலாம், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. இரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

பெண்கள் பயோட்டினுக்குக் கொடுக்கும் பணத்தில் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின் இறங்கும் முன்பே இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கக்கூடும். இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருப்பதை அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. முடி கொட்டுவதோடு மாதவிடாய் தவறுதல், முகத்தில் முடி, பருக்கள் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கான சோதனையும் தேவை.

17 ஆகஸ்ட் 2025

சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்ட பிறகு மகளுக்கு முடி அடர்த்தியாக வளர்ந்தது என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். வேண்டுதலைப் பற்றி நான் பேசவில்லை, அது அவருடைய நம்பிக்கை, என் வீட்டிலும் அது உண்டு. முடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மழிப்பதால் முடியின் தடிமனோ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்று ஆய்வாளர் அளந்து காட்டினார். மழித்த முடி மட்டமான நுனியோடு எழுவதால் தொட்டால் தடிப்பாகப் படுகிறது. மகளுக்கு டைபாய்டு வந்து முடி கொட்டியதால்தான் வேண்டிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். காய்ச்சலின் தேதியையும் மொட்டை போட்ட தேதியையும் முதல் குறிப்பில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். கொட்டிய முடிக்குப் பதிலாக முளைத்தவையெல்லாம், மழித்தபின் ஒரே நீளத்தில் சேர்ந்து எழுந்திருக்கின்றன.

31 ஆகஸ்ட் 2025

புழுவெட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே வளர்பருவத்திலுள்ள மயிர்க்காலைத் தாக்குவதால், காசு அளவுக்கு வட்டமாக, வழவழப்பாக முடி போய்விடுகிறது. சிறிய திட்டுகள் பல சமயம் ஓராண்டுக்குள் தானே நிரம்பிவிடும். சின்ன வெங்காயத்தைத் தேய்க்கும் வழக்கம் பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். 2002இல் பாக்தாதிலிருந்து ஒரு சிறு ஆய்வு வெங்காயச் சாறு பலன் தந்ததாகச் சொன்னது; ஆனால் வெங்காயத்தின் வாசனையை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது, ஆகவே எது சாறு, எது வெறும் நீர் என்பது தேய்த்துக்கொண்ட எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் அந்த ஆய்வைத் தள்ளவில்லை. அதை மட்டும் நம்பி ஒரு சிறுமியின் தலையை எரியவிடவும் மாட்டேன்.

மருத்துவர்கள் திட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். தலை முழுவதும் போனவர்களுக்கு நெடுங்காலம் நல்ல வழி இல்லாமல் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ, தாமே இந்த நோய் உள்ளவர், நோயின் மரபணுக்களைத் தேடிச் சென்றார்; அவருடைய குழு 2014இல் ஜேக் என்ற நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் முடியைத் திரும்பக் கொண்டுவருவதைக் காட்டியது. 2022இல் பாரிசிட்டினிப் அமெரிக்காவில் கடுமையான புழுவெட்டுக்கு ஒப்புதல் பெற்றது. இவை நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் என்பதால் நம் ஊரில் காசநோய்ச் சோதனை செய்யாமல் தொடங்கக் கூடாது, நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடியும் போகிறது.

குழந்தையின் தலையில் திட்டு செதிலாக, அரிப்போடு, முடி ஒடிந்து புள்ளிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை வளர்க்கும். வாய்வழி மருந்துதான் மயிர்க்காலின் ஆழத்துக்குப் போகும்.

14 செப்டம்பர் 2025

முடி நடுதல். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரீச் 1952இல் ஒருவருடைய பின்னந்தலைத் தோலை வழுக்கை விழுந்த இடத்தில் வைத்தார். இடம் மாறிய மயிர்க்கால்கள் புது இடத்தின் இயல்பை ஏற்காமல் பின்னந்தலையின் இயல்போடே வளர்ந்தன. 1959இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டறிதல்தான் இன்றைய எல்லா முடி மாற்று முறைகளுக்கும் அடித்தளம். புது முடியை யாரும் உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறார்கள், பின்னந்தலையின் கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். நட்ட முடி முதல் சில வாரங்களில் விழுந்துவிட்டு மூன்று நான்கு மாதம் கழித்தே முளைக்கத் தொடங்கும் என்பதையும் முன்பே அறிந்திருங்கள்.

2016இல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரத்துக்கு என்ன வசதி, ஊசி பிடிப்பவர் மருத்துவரா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

28 செப்டம்பர் 2025

இறுக்கிப் பின்னுவது பற்றி இரண்டு வரி. தினமும் நெற்றியோர முடியை இழுத்துக் கட்டினால் அந்த ஓரம் முதலில் சிவந்து, பிறகு மெலிந்து, பல ஆண்டுகள் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி நிரந்தரமாகப் போய்விடும். பள்ளிக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம் என்றால் தளர்த்திப் பின்னுங்கள்.

தழும்பு என்ற இடத்தில்தான் பொறுமை கூடாது. திட்டில் எரிச்சல், வலி, சீழ், மயிர்த்துளையே தெரியாத பளபளப்பு இவற்றில் ஏதேனும் இருந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அங்கே ஒவ்வொரு மாதத் தாமதமும் திரும்ப முளைக்காத இடத்தைப் பெரிதாக்கும்.

5 அக்டோபர் 2025

மினாக்சிடில் தடவும் தகப்பன்மார்கள் இருவர் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருப்பதால் இதைச் சேர்க்கிறேன். பெற்றோரின் தலையில் தடவிய மருந்து பட்டு, கைக்குழந்தைகளின் உடலில் முடி அடர்ந்து வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகி, மருந்தின் தகவல் தாளில் எச்சரிக்கை சேர்க்கும்படி 2024இல் பரிந்துரைத்திருக்கிறார்கள். மருந்து பட்டது நின்ற பிறகு சில மாதங்களில் அந்த முடி மறைந்துவிடுகிறது என்றாலும், தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈரம் காயும் முன் குழந்தையைத் தோளில் சாய்க்காதீர்கள், தலையணை உறையைத் தனியாக வையுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பூனையின் உடலால் இந்த மருந்தைச் செரித்து வெளியேற்ற முடியாது. தலையணையில் சிந்திய சில துளிகளை நக்கினாலும் அதன் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு இறந்துபோகக்கூடும். புட்டியை மூடி அலமாரிக்குள் வையுங்கள், துடைத்த பஞ்சைத் திறந்த குப்பைக் கூடையில் போடாதீர்கள்.